உளப்புண் ஆறும் இடம்

உடலில் பட்ட வெட்டு ஆறியபின் தோலில் தங்குவதை வடு என்கிறோம். ஆறாமல் நின்று, ஆடை பட்டாலும் வலிப்பதைப் புண் என்கிறோம். இவ்விரண்டையும் தமிழ் ஐயத்துக்கு இடமின்றிப் பிரித்து வைத்திருக்கிறது. சாவையோ கொடுங்காயத்தையோ பாலியல் வன்கொடுமையையோ எதிர்கொண்டவர் உள்ளத்தில் நேரும் ஊறுபாட்டை ஈழத்து உளமருத்துவர்கள் மனவடு என வழங்கினர். அச்சொல் ஏட்டிலும் நாவிலும் நிலைபெற்றும் விட்டது. அதனை ஆண்டோர்பால் எனக்குள்ள மதிப்புப் பெரிது. ஆயினும் இங்கே உளப்புண் என்னும் சொல்லையே ஆள்கிறேன். மேலை மொழிகளில் வழங்கும் ‘ட்ரௌமா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் புண் என்பதே பொருள். வடு மாறாது, புண் ஆறும் என்பது அதனினும் பெரிய கரணியம். புண்ணை ஆற்றும் முறைக்குப் பண்டுவம் என்னும் பழஞ்சொல் இருக்கிறது; உள்ளத்துக்கு அதனைச் செய்பவர் உளப்பண்டுவர். அவர்முன் நேரில் அமர்ந்து பெறுவதை நேர்முகப் பண்டுவம் என்றும், இணையத்தின் வழியே பெறுவதைத் தொலைமுகப் பண்டுவம் என்றும் குறிப்போம்.

ஊறுபட்டோர் எல்லாரும் நோயர் ஆவதில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில் தாமே தேறுகின்றனர். ஒரு திங்களுக்கு மேலும் துயர் தணியாது அன்றாட வாழ்வைக் குலைக்கும்போதே அது நோயெனப்படும். அமெரிக்க உளமருத்துவக் கழகம் 1980இல் தன் நோய்வகை நூலின் மூன்றாம் பதிப்பில் இதற்குத் தனியிடம் தந்தது; 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதன் அறிகுறிகளை நான்காக வகுத்தது. அழையாமலே வந்து நுழையும் நினைவும் கனவும் ஊடுருவல். நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு ஆகியவற்றிலிருந்து ஒதுங்குவது தவிர்ப்பு. தன்னையே பழித்தலும் பிறரை நம்பாமையும் மகிழ்ச்சி மரத்துப்போதலும் எண்ணத்திரிபு. உறக்கம் கெடுதலும் சிற்றொலிக்கும் திடுக்கிடலும் மிகைவிழிப்பு. இவற்றுள் தவிர்ப்பைப் படிப்பவர் தனியே நினைவில் கொள்க. பண்டுவத்தின் இடத்தைத் தேரும் வினா இறுதியில் அதனிடமே வந்து நிற்கும்.

மூளையின் உள்ளே வாதுமைக் கொட்டை வடிவில் அமைந்த ஒரு பகுதி, இடரை முதலில் உணர்ந்து உடலை எழுப்பிவிடுவது. அதனை அச்சக்கரு எனலாம். அதனை அடுத்துக் கடற்குதிரைபோல் வளைந்து கிடக்கும் பகுதி, நடந்தவற்றுக்கு இடமும் நாளும் குறித்து வைப்பது. அதனை நினைவுமடிப்பு எனலாம். நெற்றிக்குப் பின்னுள்ள முன்னெற்றிப் புறணியோ, இடர் நீங்கியதும் எழுந்த உடலை அமர்த்துவது. பேரச்சத்தின் வேளையில் அச்சக்கரு ஓங்க, மற்றிரண்டும் தாழ்கின்றன. ஆதலால் அந்நினைவு நாளும் இடமும் சரிவரக் குறிக்கப்படாமல் பதிகிறது என்பர் அறிஞர். பத்தாண்டு கழிந்து தெருவோரத்தில் டீசல் புகையின் நாற்றம் எழும்போது, நேர்ச்சியில் சிக்கிய பேருந்து “அன்று” என நினைவுக்கு வருவதில்லை, “இன்று” என வருகிறது. காப்பான சூழலில் அந்நினைவைத் திறந்து, அதற்குரிய நாளை எழுதி மடித்து வைப்பதே பண்டுவத்தின் பணி.

அப்பணிக்குச் சான்றுவலிமை மிக்க முறைகளாக மூன்று நிற்கின்றன. எட்னா போவா வகுத்த நீடித்த எதிர்கொள்ளலில், நடந்ததை நோயர் நிகழ்காலத்தில் வாய்விட்டுச் சொல்கிறார். அப்பதிவை வீட்டில் நாள்தோறும் கேட்கிறார். அஞ்சி ஒதுக்கிய இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பிச் செல்கிறார். பட்ரீசியா ரெசிக் வகுத்த எண்ணச்சீராக்கம் ஏறத்தாழ 12 அமர்வுகளில், ‘என் பிழையால் நேர்ந்தது’ என்பன போன்ற முடிவுகளை எழுதச் செய்து, சான்று கேட்டுச் சீர்தூக்குகிறது. பிரான்சின் சாப்பிரோ 1989இல் வெளியிட்ட விழியசைவுப் பண்டுவத்தில், நோயர் நினைவை ஏந்தியவாறே பண்டுவரின் விரலைக் கண்ணால் தொடர்கிறார். மூன்றிலும் ஊசியில்லை, மருந்துக்குப்பி இல்லை. சொல்லும் நினைவும் ஒழுங்குமே மருந்து. ஆகவே அவை கம்பிவழியே செல்லுமோ என்னும் வினா இயல்பாகவே எழுகிறது.

அவ்வினா இணையத்தினும் மூத்தது. 1959இலேயே நெப்ராசுகா உளமருத்துவ நிலையத்தில் சிசில் விட்சன் இருவழித் தொலைக்காட்சியால் குழுப் பண்டுவம் நடத்தினார். 1964இல் அந்நிலையம் 112 கல் தொலைவிலிருந்த நார்போக்கு மருத்துவமனையோடு அவ்வழியே இணைந்தது. இன்றைய தொலைமுகப் பண்டுவம் மூவகைப்படும்: பண்டுவரோடு முகம்பார்த்துப் பேசும் காணொளிவழி, வகுத்த பாடங்களை நோயரே பயில, பண்டுவர் இடையிடையே துணைநிற்கும் வழித்துணைப் பயில்வு, நோயர் எழுதியதைப் படித்துப் பண்டுவர் மறுமொழி எழுதும் எழுத்துவழி. ‘இணையத்தில் பேசினேன், பயனில்லை’ என்பவரிடம் இவற்றுள் எதனைப் பெற்றீர் என்று முதலில் வினவ வேண்டும். பயிற்சி பெற்ற எவரும் மறுமுனையில் இல்லாத உரையாடற் செயலியை இம்மூன்றனுள் ஒன்றாகவும் நான் கொள்ளேன்.

காணொளிவழியை ஆய்வுகள் கடுமையாகவே உரைத்துப் பார்த்திருக்கின்றன. அவாயித் தீவுகளில் லெசுலி மோர்லாண்டு குழுவினர் முன்னாள் படையினர் 125 பேரைக் குலுக்கல் முறையில் இருகூறாக்கி, ஒரு கூற்றுக்கு நேரிலும் மறுகூற்றுக்குக் காணொளியிலும் எண்ணச்சீராக்கம் தந்தனர்; காணொளி நேர்முகத்தினும் தாழவில்லை என்று 2014இல் வெளியான முடிவு காட்டியது. வீட்டிலிருந்தே காணொளியில் பெற்ற நீடித்த எதிர்கொள்ளலைப் பற்றி 2017இல் வந்த ஆய்வும் அவ்வாறே கூறிற்று. அதன்பின் மோர்லாண்டு குழுவினர் மூன்று வழிகளை ஒப்பிட்டனர்: நோயர் வீட்டுக்குக் காணொளி, மருத்துவமனை அறையில் காணொளி, பண்டுவரே நோயர் வீட்டுக்குச் செல்லுதல். நோய் தணிவதில் மூன்றும் பெரிதும் வேறுபடவில்லை. இடையில் விட்டுச் செல்வோர் தொகையோ பண்டுவர் படியேறிச் சென்ற வீடுகளில் குறைந்திருந்தது.

வழித்துணைப் பயில்வின் நிலை சற்று வேறு. பிரித்தானியாவில் 196 பேரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுப் படிகள் கொண்ட ‘இசுபிரிங்’ என்னும் இணையப் பயில்வும் நேர்முகப் பண்டுவமும் 16 வாரங்களில் ஈடாக நின்றன. பயில்வில் பண்டுவர் நேரம் மொத்தம் மூன்று மணியளவே. நேர்முகத்திலோ 12 அமர்வுகள் வரை. ஓராண்டின் முடிவில் இருசாராரும் பெற்ற நலம் நிலைத்திருந்தது எனினும், பயில்வு தாழவில்லை என உறுதியாகக் கூற எண்கள் போதவில்லை. அவை நேர்முகத்தின் பக்கமே சற்றுச் சாய்ந்தன. அவர்கள் ஒரேயொரு நிகழ்வால் எளிய அல்லது நடுத்தர நோயுற்றோர் என்பதை மறத்தலாகாது. இளமையிலிருந்தே ஆண்டுக்கணக்கில் அடிபட்டு வளர்ந்தவர்க்கு அவ்வெண்களை அப்படியே பொருத்துவது பிழை.

இனித் தவிர்ப்புக்கு வருவோம். நினைவூட்டுவதை விட்டு விலகுதலே இந்நோயின் உயிர்நாடி. விலகும் ஒவ்வொரு முறையும் அச்சம் ஒரு பிடி உணவு பெறுகிறது. ஆகவே ‘எனக்கு இணையவழியே ஏற்றது’ என ஒருவர் கூறும்போது, அக்கூற்று எங்கிருந்து பிறக்கிறது என ஆராய வேண்டும். நகரத்துக்குப் பேருந்தேற நான்கு மணி நேரமாகிறது, கைக்குழந்தையை விட்டுவர ஆளில்லை, மருத்துவமனையிலேயே கொடுமை நேர்ந்தது என்பன தேவையிலிருந்து பிறந்தவை. இவர்க்குத் தொலைமுகம் தவிர்ப்பை வெல்லும் வழி. பேருந்தில் நேர்ந்த ஊறுக்குப்பின் வாயிற்படியையே தாண்டாதவர், தாண்ட வேண்டாம் என்பதற்காகவே காணொளியைக் கேட்பாராயின், நோயே அவர் வாய்வழிப் பேசுகிறது. அவர்க்கும் முதல் அமர்வுகளைக் காணொளியில் தரலாம். ஆனால் எட்டாம் அமர்விலேனும் அவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்க வேண்டும். கைபேசியின் காதணியில் பண்டுவரின் குரல் உடன்செல்லுமாறு அதனைச் செய்தல் இயலும். அஞ்சிய இடத்துக்கே துணையைக் கொண்டு செல்லும் இவ்வாய்ப்பு நேர்முக அறைக்கு எளிதில் இல்லை. தொலைமுகத்தின் தலையாய சிறப்பாக நான் கருதுவது இதனையே.

அதன் குறையையும் அருகிருந்து பார்ப்போம். திரை காட்டுவது முகமும் தோளும். நினைவைச் சொல்லும் பெண்ணின் குரல் சீராக ஒலிக்கிறது, முகத்தில் மாற்றமில்லை. திரையின் விளிம்புக்குக் கீழே வலக்கால் தரையை விடாது தட்டுகிறது. கைவிரல்கள் சேலைத்தலைப்பைத் திருகித் திருகிக் கயிறாக்கிவிட்டன. நேரிலிருக்கும் பண்டுவர் இதனைக் கண்டதும் கதையை நிறுத்துவார், “பாதத்தை நன்றாக ஊன்றுங்கள், தரை குளிர்கிறதா, இவ்வறையில் நீல நிறப் பொருள் எவை?” என வினவி, காலூன்றல் என்னும் முறையால் அவரை இன்றைய நாளுக்குக் கொணர்வார். திரைவழிப் பண்டுவரும் அதனைச் செய்ய வல்லவரே, கண்டால். ஆதலால்தான் தேர்ந்த பண்டுவர் கருவியைச் சற்றுத் தள்ளி வைத்துக் கைகளும் தெரிய அமருமாறு வேண்டுவர். தன்னுடலை விட்டே உணர்வு அகன்று நிற்கும் தன்னிலை விலகல் அடிக்கடி நேர்வோர்க்கும், தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையோர்க்கும் தொடக்கத்திலேனும் நேர்முகமே தக்கது என்பது என் துணிபு. பிரித்தானிய நலவாழ்வு நெறிநிலையம் 2018இல் வெளியிட்ட நெறிமுறையும், கணினிவழிப் பயில்வை விரும்புவோர்க்கு அளிக்க இசைந்து, கடுமையான அறிகுறி உடையோரையும் தமக்கோ பிறர்க்கோ கேடு விளையும் நிலையிலுள்ளோரையும் விலக்கியது.

வீட்டையும் ஆராய வேண்டும். ஊறு செய்தவரே அடுத்த அறையில் இருப்பாராயின் அவ்வீடு பண்டுவக் களம் ஆகாது. தாழிடக்கூடிய கதவு, காதணி, வெளியே ஒலி செல்லாதிருக்க வாயிலருகே சுழலும் ஒரு மின்விசிறி, எவரேனும் நுழைந்தால் பேச்சை மாற்றுதற்கு முன்பே இசைந்த ஒரு சொல், இணைப்பு அறுந்தால் அழைக்க வேண்டிய எண், நெருக்கடியில் செய்தி சொல்லத்தக்க உறவினர் ஒருவர்: இவற்றை முதல் அமர்விலேயே கேளாத பண்டுவரிடம் நினைவைத் திறக்க வேண்டா.

விழியசைவுப் பண்டுவத்தில் விரலுக்கு மாற்றாகத் திரையில் ஓடும் புள்ளியை இன்று ஆள்கின்றனர். 1997இல் பாலின் புயல் தாக்கிய மெக்சிக்கோவின் அக்காப்புல்கோ நகரத்துச் சிறாரிடையே பணியாற்றிய இலுசினா ஆர்டிகாசு, இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்து மாறிமாறித் தட்டும் முறையை உருவாக்கினார். பட்டாம்பூச்சித் தழுவல் எனப் பெயர்பெற்று, விழியசைவுக்கு மாற்றாக ஆளப்படும் அம்முறையும் திரைவழியே கற்பிக்கத்தக்கது.

எஞ்சியிருப்பது மொழி. நேர்ந்த கொடுமையை எம்மொழியில் கேட்டோமோ, எம்மொழியில் அலறினோமோ, அம்மொழியிலேயே அந்நினைவைத் திறத்தல் எளிது. கற்ற மொழியில் சொல்லும்போது சொற்கள் வந்துவிடும், நடுக்கம் வாராது. கனடாவிலோ நார்வேயிலோ வாழும் ஈழத்தமிழர்க்குத் தம் ஊரில் தமிழ் பேசும் பண்டுவர் கிட்டாதபோது, அந்நாட்டில் தொழில்செய்ய உரிமம் பெற்ற தமிழ்ப் பண்டுவரொருவர் தொலைநகரில் இருப்பாராயின், நான் தயங்காமல் தொலைமுகத்தையே பரிந்துரைப்பேன். போரால் உளப்புண்பட்ட அரபு மொழியினர் 159 பேர்க்கு, வாரம் இருமுறை 45 நிமிடம் எழுதச் செய்து, ஐந்து வாரங்களில் அரபு மொழியிலேயே இணையவழிப் பண்டுவம் தந்து பயன் கண்டதை 2015இல் கிறித்தின் நேவல்சுருடு குழுவினர் வெளியிட்டனர். பண்டுவரை நேரில் காண இயலாத நிலையிலும் தாய்மொழி அவர்களை வந்தடைந்தது.

தமிழ்நாட்டில் இருப்போர் தமிழில் பேசித் தொடங்குதற்கு 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அரசின் ‘டெலி மானசு’ எண் 14416 உண்டு. அது முழுப் பண்டுவம் அன்று, வழிகாட்டும் வாயில். அதற்கு அப்பால் வேண்டுவது, எட்டுப் படியோ பத்து மடலோ கொண்ட உளப்புண் பயில்வொன்று, மொழிபெயர்ப்பாக அன்றித் தமிழிலேயே எண்ணி எழுதப்பெற்று, குலுக்கல் ஆய்வால் உரைத்துப் பார்க்கப்பெறுதல். ஊடுருவல், தவிர்ப்பு, மிகைவிழிப்பு, காலூன்றல் எனச் சொற்கள் ஆயத்தமாக இருக்கின்றன. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் உளவியல் பயிற்றும் பேராசிரியர்களும் மாணவர்களும் இப்பணியை ஏற்க முன்வருமாறு வேண்டுகிறேன்.