தளவானூருக்குச் சைக்கிளில் போகலாம்!

1,400 ஆண்டுப் பழைய குகைக் கோவில்கள்: செலவில்லாத ஒரு நாள் பயணம்

செஞ்சிக் கோட்டையைக் காரில் போய்ப் பார்க்கலாம். பஸ்ஸில் போயும் பார்க்கலாம்.

ஆனால், தளவானூரைப் பார்க்கச் சைக்கிள்தான் ஏற்ற வண்டி!

ஏன்?

செஞ்சிக் கோட்டை பெரிய சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது. வண்டியை விட்டு இறங்கினால், எதிரே மலை. தளவானூர் அப்படி அல்ல. பெரிய சாலையை விட்டுக் கிளைச் சாலையில் திரும்ப வேண்டும். நெல் வயல், கரும்புத் தோட்டம், ஏரிக்கரை, சிற்றூர்த் தெரு என்று போக வேண்டும். நடுநடுவே நின்று வழி கேட்க வேண்டும்.

காரில் பறக்கிறவர் வழி கேட்பதற்குள் ஊரைத் தாண்டிவிடுவார். நடந்து போகிறவருக்கோ பாதி வழியிலேயே வெயில் ஏறிவிடும். சைக்கிளில் போகிறவர் நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்பார். "குகைக் கோவிலுக்கு எப்படிப் போக வேண்டும், பெரியவரே?" என்று கேட்பார். பதிலும் கிடைக்கும், குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும்.

தளவானூர் இரண்டு!

கிளம்பும் முன் ஓர் எச்சரிக்கை.

விழுப்புரம் மாவட்டத்தில் தளவானூர் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று, விழுப்புரத்தை அடுத்துத் தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது. இன்னொன்று செஞ்சி வட்டாரத்தில் இருக்கிறது. குகைக் கோவில் உள்ள ஊர் இந்த இரண்டாவது தளவானூர்தான். வழி கேட்கும்போது, "செஞ்சிப் பக்கத்துத் தளவானூர்" என்று சொல்லிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஆற்றங்கரையில் போய் நிற்க நேரும்!

முதலில் மண்டகப்பட்டு

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் ஏறக்குறைய 17 கிலோ மீட்டர் போனால், மண்டகப்பட்டு வரும். தளவானூரும் இதே வட்டாரம்தான். காலையில் கிளம்பினால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

சைக்கிளை நிதானமாக மிதித்தால் மணிக்கு 12 கிலோ மீட்டர் போகலாம். அப்படியானால் மண்டகப்பட்டுக்கு ஒன்றரை மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறும் முன் போய்ச் சேரலாம்.

மண்டகப்பட்டில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு பாறை இருக்கிறது. அந்தப் பாறையைக் குடைந்து ஒரு கோவில் செய்திருக்கிறார்கள். செய்தவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம்.

அதற்கு முன் கோவில்களைச் செங்கல்லாலும் மரத்தாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டினார்கள். மரத்தைக் கரையான் அரித்தது. செங்கல்லை மழை கரைத்தது. ஆகவே அந்தக் கோவில்கள் நிற்கவில்லை.

மகேந்திரவர்மன் வேறு வழி கண்டான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோவிலைச் செய்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டு வெட்டி வைத்தான். பிரம்மா, சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் இங்கே மூன்று அறைகள் உண்டு. வாயிலின் இரு பக்கமும் காவலர் இருவர் சிலையாக நிற்கிறார்கள்.

கல்லில் குடைந்த கோவில் என்பதால்தான் இன்றும் அது நிற்கிறது!

தளவானூர்க் குகை

மண்டகப்பட்டுக் கோவில் எளிமையானது. தளவானூர்க் கோவில் அழகானது.

இங்கேயும் ஒரு பாறைக் குன்று. குன்றின் தெற்கு முகத்தில் குகைக் கோவில். முன்புறத் தூண்களுக்கு மேலே வளைந்து செல்லும் ஒரு தோரணம் செதுக்கப்பட்டிருக்கிறது. திருவிழாவுக்குத் தெருவில் தோரணம் கட்டுகிறோம் அல்லவா? அது போல! ஆனால் இது வாடாத தோரணம். கல் தோரணம்.

அதற்கும் மேலே, சின்னச் சின்ன வளைவுகளுக்குள்ளிருந்து மனித முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. வீட்டு மாடி ஜன்னலிலிருந்து யாரோ தெருவைப் பார்ப்பது போல இருக்கும். குழந்தைகளுக்கு இந்த முகங்கள் மிகவும் பிடிக்கும். "மொத்தம் எத்தனை முகம்?" என்று எண்ணச் சொன்னால், அரை மணி நேரம் சத்தமே இருக்காது!

இந்தக் கோவிலுக்குச் சத்ருமல்லேசுவரம் என்று பெயர். சத்ருமல்லன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. பகைவர்களுக்கு மல்லன் என்று பொருள்.

தூண்களில் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. தமிழ்ப் பாட்டு ஒன்றும் இருக்கிறது. அந்தப் பாட்டு, வெண்பேடு என்ற ஊருக்குத் தெற்கே மன்னன் இக்கோவிலை அமைத்ததைச் சொல்கிறது. நாட்டை ஆண்ட மன்னன் ஒரு சிற்றூரைத் தேடி வந்து கோவில் செய்தான். நம் ஊர்க்காரர்கள் பலர் பக்கத்து ஊரில் இருந்துகொண்டே அதைப் பார்த்ததில்லை!

குழந்தைகளுக்குச் சின்ன வழி

சிறு பிள்ளைகளுக்கு 17 கிலோ மீட்டர் அதிகம். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அதுதான் சிங்கவரம்.

செஞ்சிக்கு வடக்கே ஐந்து கிலோ மீட்டருக்குள் இருக்கிறது இந்த ஊர். இங்கே குன்றின் மேல் பல்லவர் காலக் குடைவரைக் கோவில் ஒன்று உண்டு. அரங்கநாதர் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். பாறையிலேயே செதுக்கிய பெரிய உருவம்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா 1714-ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப்பின் படையோடு மோதி உயிர் விட்டான். அவன் போருக்குப் புறப்படும் முன் இந்தக் கோவிலுக்கு வந்தானாம். "இன்று போகாதே" என்று அரங்கநாதர் தடுத்தாராம். அவன் கேட்கவில்லையாம். சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இது ஊரில் சொல்லும் கதை. கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே படி ஏறினால், களைப்புத் தெரியாது.

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்?

சைக்கிளில் ஊர் சுற்றுவதில் பேர்போனவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், பின் சக்கரத்துக்குச் சங்கிலி போட்ட சைக்கிளை அங்கேதான் 1885-இல் ஸ்டார்லி என்பவர் விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1888-இல் டன்லப் என்பவர் காற்றடிக்கும் டயரைப் பதிவு செய்தார். அதன் பிறகு கரடுமுரடான கிராமச் சாலையிலும் சைக்கிள் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால், ஆலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போனார்கள். வாரம் ஆறு நாள் புகை. ஒரு நாள் நல்ல காற்று!

1878-இலேயே அங்கே சைக்கிள் பயணிகள் சங்கம் அமைத்துவிட்டார்கள். அந்தச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? செங்குத்தான இறக்கங்களில் "ஆபத்து" என்று பலகை நட்டது. நல்ல விடுதிகளைத் தேர்ந்தெடுத்து, இறக்கை முளைத்த சக்கரம் போன்ற சின்னத்தை மாட்டியது. அந்தச் சின்னத்தைப் பார்த்தால், சைக்கிள்காரருக்கு நியாயமான விலையில் சாப்பாடும் படுக்கையும் உண்டு என்று பொருள்.

பிறகு கார்கள் பெருகின. சைக்கிளுக்குச் சாலையில் இடம் இல்லாமல் போயிற்று. அவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரிஸ்டல், பாத் என்ற இரு நகரங்களுக்கு நடுவே ரயில் ஓடாமல் கிடந்த பழைய பாதையைச் சைக்கிள் பாதை ஆக்கினார்கள். 1979-இல் தொடங்கி 1986-இல் முடித்தார்கள். 1994-இல் மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை 225 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் வழியே வந்துவிட்டது.

புதிதாகப் பெரிய சாலை எதுவும் போடவில்லை. இருந்த கிராமச் சந்துகளையும் கைவிட்ட ரயில் பாதைகளையும் இணைத்து, வழிகாட்டிப் பலகை நட்டார்கள். அவ்வளவுதான்!

பெண்களும் சைக்கிளும்

தமிழ்நாட்டில் சைக்கிளுக்குப் பஞ்சம் இல்லை. சென்னையில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949-லேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த ஹெர்குலஸ் சைக்கிள், அம்பத்தூரிலும் தயாரானது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்ற பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்கள், களை எடுக்கும் பெண்கள் என்று பல்லாயிரக்கணக்கானோர் சைக்கிள் ஏறினார்கள். தொடக்கத்தில் கேலி செய்தவர்களும் உண்டு. அவர்கள் கேலியைக் காதில் வாங்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரம் மிச்சமாயிற்று. யாருடைய துணைக்கும் காத்திருக்கத் தேவை இல்லாமல் போயிற்று.

2001-இல் பள்ளி மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு மாணவர்களுக்கும் அது கிடைத்தது. ஆனால் படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் அந்தச் சைக்கிள் சுவரோரம் சாத்திக் கிடக்கிறது. காற்று இறங்கிவிட்டது. சங்கிலி துருப்பிடித்துவிட்டது. "சைக்கிளில் போனால் மதிப்புக் குறைவு" என்ற எண்ணம் அதைவிடப் பெரிய துரு!

அந்தச் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். தளவானூர் போய் வரலாம்.

இதை எல்லாம் மறக்காதீர்கள்

மார்கழி, தை, மாசி மாதங்கள் இந்தப் பயணத்துக்கு ஏற்றவை. அக்கினி நட்சத்திரத்தில் வேண்டாம். பாறை அடுப்பாகக் காயும்.

முதல் நாளே டயரில் காற்றையும், முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் இருந்தால் கவலை இல்லை.

பெரிய சாலையில் இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பேசிக்கொண்டு ஜோடியாகப் போவதைக் கிராமச் சாலைக்கு வைத்துக்கொள்ளலாம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். பின்னால் சிவப்புக் கண்ணாடி இருக்கட்டும். இருட்டும் முன் வீடு திரும்பிவிடுங்கள்.

அறுவடைக் காலத்தில் சாலையிலேயே கதிரைக் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

கட்டுச் சோறும் தண்ணீரும் கொண்டுபோங்கள். இலையையும் காகிதத்தையும் குகையில் போடாதீர்கள். 1,400 ஆண்டுகள் நின்ற தூணில் பெயரைக் கிறுக்காதீர்கள்.

பலகை வருமா?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு ஒரு பெருமை வந்தது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிராவில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றுதான்.

இனி செஞ்சிக்கு வண்டிகள் பெருகும். ஆனால், அவை கோட்டை வாசலோடு திரும்பிவிட்டால், மண்டகப்பட்டுக்கும் தளவானூருக்கும் என்ன லாபம்? அந்த ஊர் டீக்கடைக்கு என்ன லாபம்? சாலை ஓரத்தில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத்தான் நெரிசல் மிச்சம்!

செஞ்சியில் தொடங்கித் தளவானூர் வரை திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பலகை, வழியில் நிழலுக்கு மரம், சைக்கிளுக்கென்று சாலை ஓரத்தில் ஒரு முழ இடம். இதற்குக் கோடி கோடியாகப் பணம் வேண்டாம். விருந்தாளி வந்து போவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ தினமும் அதே வழியில் பத்திரமாகப் போய் வரும்.

பலகை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் வழி சொல்ல ஊர் இருக்கிறது!