நிலக்கரியும் இலங்கையின் மின்வலுவும்

இலங்கையின் மண்ணில் தோண்டியெடுத்து எரிக்கத்தக்க நிலக்கரி வளம் இல்லை. ஆயினும், அண்மைய ஆண்டுகளில் இத்தீவின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நிலக்கரியிலிருந்தே பெறப்படுகின்றது. மலைநாட்டு நீரை நம்பியிருந்த நாடு இந்நிலையை எய்தியது எங்ஙனம்?

மலையாறுகளின் நீர்வீழ்ச்சியினின்றும் மின்சாரம் பெறலாமெனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவு 1950இல் லக்ஷபானவில் நனவாயிற்று. 1980களில் மகாவலித் திட்டத்தின் விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்களும் துணைநின்றன. நீருக்கு விலையில்லை, ஆனால், மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும். 1996ஆம் ஆண்டின் வரட்சியில் நாடெங்கும் நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. எண்ணெயை எரித்து அக்குறையை நிரப்ப முயன்றபோது செலவு பெருகிற்று. ஆகவே, எண்ணெயினும் மலிவான நிலக்கரியின்பால் நாட்டின் கருத்துச் சென்றது.

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் எழுந்தது. 2011இல் 300 மெகாவாற்று வலுவுடைய முதற்பிரிவு இயங்கத் தொடங்கிற்று. 2014இல் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாற்று ஆயின. அங்கே தூளாக்கிய கரியின் வெப்பத்தால் நீர் ஆவியாகின்றது. அந்நீராவியே சுழலிகளை ஓட்டி மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றது.

அக்கரி வந்துசேரும் வழி எளிதன்று. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து அதனை ஏற்றிவரும் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாமல் கடலில் நங்கூரமிடும். கரி தட்டையான சரக்குப் படகுகளுக்கு மாற்றப்பட்டே இறங்குதுறையைச் சேரும். தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இப்பணி நடைபெறாது. ஆகையால், கடல் அமைதியாயிருக்கும் ஏறத்தாழ ஆறு மாதங்களுள் ஆண்டு முழுமைக்கும் வேண்டிய கரியைக் கொணர்ந்து குவித்துவிடவேண்டும். முன்னர் மழையை எதிர்பார்த்த நாடு, இன்று அமைதியான கடலையும் எதிர்பார்க்கின்றது.

கரியின் விலையை அந்நியச் செலாவணியிலேயே செலுத்தவேண்டும் என்பதும் கருதத்தக்கது. 2022இல் அச்செலாவணி வற்றி, எண்ணெய் வாங்கவும் வழியற்றபோது, மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீடித்தது. வெளிநாட்டு எரிபொருளை நம்பியிருப்பதன் இடரை அன்று ஒவ்வொரு வீடும் உணர்ந்தது.

திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் அமையவிருந்த மற்றொரு நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. இனிப் புதிய நிலக்கரி மின்நிலையங்கள் அமைக்கப்படமாட்டா என 2021இல் அரசாங்கம் அறிவித்தது. மன்னாரிற் காற்றாலைகள் சுழல்கின்றன. கூரைகளிற் சூரியத் தகடுகள் பெருகுகின்றன. எனினும், வெயில் இரவில் இல்லை. காற்றும் என்றும் ஒரேயளவாய் வீசுவதில்லை. அவற்றின் வலுவைச் சேமித்துவைக்கும் வழி போதியவளவு அமையும்வரை, நுரைச்சோலையின் கரிக்குவியலைக் கைவிடுதல் எளிதன்று.