சறுக்கிய சாம்பியன் மறுபடி ஜெயிப்பாரா?

இடுப்பு வலியோடு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டாக்டர், நான் பழையபடி ஆயிடுவேனா?" என்பதுதான். கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸைப் பற்றி உலகமே இப்படிக் கேட்டது.

முதுகில் நாலு ஆபரேஷன். நாலாவதாக 2017 ஏப்ரலில் அடிமுதுகில் எலும்புகளை ஒன்றாக இணைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் உலக வரிசையில் 1199-வது இடம்! 'அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு' என்றார்கள். 2019-ல், 43 வயதில், மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார்.

பென் ஹோகன் கார் மீது 1949-ல் பஸ் மோதியது. இடுப்பெலும்பு, காரை எலும்பு, கணுக்கால் எல்லாம் முறிந்தன. பதினாறே மாதத்தில், காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஆடி யு.எஸ். ஓப்பனை ஜெயித்தார்.

டேவிட் டுவால் கதை வேறு. 1999-ல் உலகின் நம்பர் ஒன். 2001-ல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம். அப்புறம் முதுகுத் தொல்லை, ஆட்டமும் குலைந்தது. பி.ஜி.ஏ. டூரில் மறுபடி ஜெயிக்கவே இல்லை.

அப்படியானால் முன்கூட்டியே சொல்ல முடியுமா? நாடி பிடித்தெல்லாம் சொல்லிவிட முடியாது, வாசகர்களே. நான் மூன்றைத்தான் பார்ப்பேன். வலியின் காரணம் தெரிந்து அது சரியானதா? ஆறுவதற்கு அவகாசம் கொடுத்தாரா? இப்போதைய உடம்புக்குத் தக்கபடி பழக்கத்தை மாற்றிக்கொண்டாரா? மூன்றும் இருந்தால் நம்பலாம், உத்தரவாதம் கிடையாது.

உங்களுக்கும் இதேதான். முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, 'பழையபடி ஆவேனா?' என்பதை விட்டுவிட்டு, 'இனிமே எப்படி இருக்கணும்?' என்று கேளுங்கள். அதற்குப் பதில் உண்டு.