தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல்: டீசல் மிச்சமாகுமா?

எரிபொருள் விலை ஏறும்போதெல்லாம் ஒரு பழைய பழக்கம் தலைதூக்கும்: இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருளவிடுவது. தருமபுரி–சேலம் சாலையில், தொப்பூர் கணவாயில் லாரிகள் கட்டுப்பாடிழந்து மோதும் விபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மிச்சமாவது ஆகிறதா? செங்குத்தான இறக்கத்தில், இன்றைய பெரும்பாலான வண்டிகளில் இல்லை. எரிபொருள் தெளிப்பைக் கணினி கவனிக்கிறது. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும்; கணினி தெளிப்பை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. இன்ஜின் அணையாமலிருக்கவே எரிபொருள் செலவாகும். கார்புரேட்டர் காலத்துக் கணக்கு இப்போது செல்லாது.

கொடுமை பிரேக்கில்தான் இருக்கிறது. கியரில் ஓடும் வண்டியின் வேகத்தை இன்ஜினும் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக் மீது விழ, அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். சில ரூபாய்க்காக உயிரையா பணயம் வைப்பது?

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் சமவெளி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், 60 கி.மீ.யிலிருந்து 80-க்குப் போனால் சுமார் 1.8 மடங்கு. அங்கே வேகத்தைக் குறையுங்கள், டயரில் காற்றைச் சரிபாருங்கள். தொப்பூரில் மட்டும் கியரை விடாதீர்கள்.