உங்களுக்குத் தெரியுமா? 15 நிமிஷம் 6 மணி நேரமான கதை

1935-ஆம் வருஷம் மே மாதத்தில், அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில், வியாபார முயற்சி தோல்வியுற்று மனம் சோர்ந்து ஹோட்டல் முன்கூடத்தில் நின்ற பில் வில்ஸன் என்பவர், ஒருபுறம் மதுச்சாலையின் சிரிப்பொலி அழைக்க, மறுபுறமிருந்த டெலிபோனை நாடி, பாதிரிமார்களின் பட்டியலைப் பார்த்து, தம்மைப் போலவே குடியால் அவதியுறும் ஒருவரைச் சந்திக்க வேண்டுமென்று மன்றாடினார். ஐந்து மாதங்களாகக் குடியைத் துறந்திருந்த அவருக்கு, அந்த விரதத்தைக் காக்க வேறு மார்க்கம் புலப்படவில்லை.

அவ்வாறு கிட்டியவர் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் ரண சிகிச்சை நிபுணர். 15 நிமிஷம்தான் என்று நிபந்தனையோடு வந்தவர், 6 மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். உபதேசம் கேட்டு அலுத்த மனிதருக்கு, அத்துயரத்தை அனுபவித்தே அறிந்த ஒருவரின் பேச்சு எத்தனை ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்! ஜூன் 10-ஆம் தேதி டாக்டர் பாப் அருந்திய மதுவே அவருக்குக் கடைசி; அந்நாளையே, குடியைத் துறக்க விரும்புவோருக்காக இவ்விருவரும் தோற்றுவித்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ சங்கம் தன் ஜன்ம தினமாகக் கொள்கிறது.

இன்று சென்னையிலும் நடைபெறும் அதன் கூட்டங்களுக்குச் சந்தா கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பமொன்றே தகுதி. ‘திறந்த’ கூட்டமெனில் மனைவி மக்களும் உடன் வரலாம். முதல் நாளே வாய்திறந்து பேசியாக வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. ஓரத்து நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும்.