பரணில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரை என்ன செய்வது?

1976-ல் பயனியர் நிறுவனம் வெளியிட்ட எஸ்எக்ஸ்-1250 ரிசீவரை ஒருவர் தனியாகத் தூக்குவது சிரமம். பக்கத்துக்கு 160 வாட் தரும் அந்தப் பெட்டியின் எடையில் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபார்மரும் அலுமினிய ஹீட் சிங்க்கும்தான். இரண்டு ஆண்டு கழித்து வந்த எஸ்எக்ஸ்-1980 பக்கத்துக்கு 270 வாட் தந்தது; எடை சுமார் 35 கிலோ. வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்க எதற்கு இவ்வளவு இரும்பும் செம்பும்? இதற்கான விடை தெரிந்தால், நம் வீட்டுப் பழைய செட்டைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற முடிவும் பாதி எடுத்த மாதிரிதான்.

ஒரு காலத்தில் அமெரிக்க விளம்பரங்களில் வாட் கணக்கு கட்டுக்கடங்காமல் போயிருந்தது. கண நேரம் மட்டுமே தாங்கக்கூடிய உச்சத்தைப் பெரிய எழுத்தில் போட்டு விற்றார்கள். நம் ஊரில் டேப் ரிக்கார்டர் பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருந்த பிஎம்பிஓ வாட் நினைவிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1974-ல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு ஒலித்திரிபுடன் என்று சொல்லி, தொடர்ச்சியாகத் தரக்கூடிய வாட்டைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும். அளப்பதற்கு முன்னால், சொல்லும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் ஆம்ப்ளிஃபயரை ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும்.

மூன்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் அதிகம் சூடாவது முழுச் சத்தத்தில் அல்ல. முழுச் சத்தத்தில் வோல்டேஜின் பெரும்பகுதி ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. நடுத்தரச் சத்தத்தில், ஸ்பீக்கருக்குப் போகாத மிச்சம் முழுவதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் வெப்பமாக இறங்குகிறது. கணக்குப்படி இந்த வெப்பம் உச்சம் தொடுவது சுமார் 40 சதவீத சக்தியில். ஆகவே அந்தச் சோதனையில் தேற வேண்டுமென்றால் பெரிய ஹீட் சிங்க்கும் தடித்த டிரான்ஸ்ஃபார்மரும் வைத்தே ஆக வேண்டும். ஜப்பானிய நிறுவனங்கள் வைத்தன. சான்சுயி டிரான்ஸ்ஃபார்மர் தயாரிப்பில் தொடங்கிய நிறுவனம். அதற்கு இது கைவந்த கலை.

இன்று அப்படி ஒரு ஆம்ப்ளிஃபயரைச் செய்ய ஆகும் செலவில் பெரும்பங்கு இந்த இரும்பு, செம்பு, அலுமினியம்தான். ஐம்பது ஆண்டானாலும் அவை கெடுவது அரிது. கெடுவது வேறு: கெப்பாசிட்டர், ரிலே, சுவிட்ச், வால்யூம் கண்ட்ரோல். எல்லாமே மலிவானவை, இன்றும் கிடைப்பவை. பழைய ஆம்ப்ளிஃபயரில் விலை உயர்ந்தது பெரும்பாலும் கெடாது, கெடுவது பெரும்பாலும் விலை உயர்ந்ததல்ல. இந்தக் கணக்கு பொய்க்கும் இடங்கள் சில உண்டு. நம் செட் அவற்றில் ஒன்றா என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையில் நாம் எடுக்க வேண்டிய முடிவு. வயதைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் நல்ல செட்டுகளை எடைக்குப் போட்டிருக்கிறார்கள்.

பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கில் செருக வேண்டாம். மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல்லி முட்டை, எலி கடித்த ஒயர், கருகிய ரெசிஸ்டர், உப்பிய கெப்பாசிட்டர், கடற்கரை ஊராக இருந்தால் ரிலேயிலும் சாக்கெட்டுகளிலும் படிந்த பச்சை. பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பின்புறத்தில் வோல்டேஜையும் பார்க்க வேண்டும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பல செட்டுகளில் 110, 120, 220, 240 என்று மாற்றும் செலக்டர் உண்டு. ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120 வோல்ட். அவற்றை நம் லைனில் நேரே செருகினால் அந்த நொடியிலேயே கதை முடியலாம். செலக்டரில் 240 இருந்தால் அதிலேயே வையுங்கள். 220-ல் வைத்து, வீட்டில் 240 வந்தால், உள்ளே எல்லா வோல்டேஜும் 9 சதவீதம் கூடும், சூடு அதைவிட அதிகமாகக் கூடும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்க, நம் ஊர் மெக்கானிக்குகள் காலம்காலமாகப் பயன்படுத்தும் சீரீஸ் பல்பைவிட நல்ல கருவி இல்லை. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை லைனுக்கும் செட்டுக்கும் நடுவே தொடராக இணைப்பது. எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பின் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு ஒளியில் எரிந்து கரண்ட்டைத் தானே கட்டுப்படுத்திவிடும், செட் பிழைக்கும். ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால், கெப்பாசிட்டர்கள் நிறைந்து செட் சாதாரணமாக இழுக்கிறது என்று பொருள். அந்த ஒரு மங்கலைப் பார்த்தாலே பாதிக் கவலை தீரும்.

இனி ஸ்பீக்கரை மாட்டலாம் என்று கை துறுதுறுக்கும். அதற்கு முன் மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனைகளில் வைத்து டிசி வோல்டேஜைப் பார்க்க வேண்டும். பாட்டு எதுவும் ஓடாதபோது அங்கே கிட்டத்தட்ட சுழியம் இருக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. நூறைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பல வோல்ட் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ அதற்கு முந்தைய பகுதியோ போய்விட்டது. ஷார்ட் ஆன டிரான்சிஸ்டர் வழியாக முழு டிசியும் ஸ்பீக்கருக்குள் இறங்கினால் அதன் வாய்ஸ் காயில் சில நொடியில் கருகும். இதைத் தடுக்கத்தான் ரிலே. சுவிட்சைப் போட்டுச் சில நொடி கழித்து ‘க்ளிக்’ என்று கேட்பது அதுதான். அந்தச் சத்தம் வராவிட்டால், உள்ளே ஏதோ தவறு என்று பாதுகாப்புச் சுற்று சொல்கிறது, அல்லது அந்தச் சுற்றே பழுது. எதுவானாலும் ரிலேயை பைபாஸ் செய்து பாட வைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் செட்டைக் கொடுக்காதீர்கள். 1967-ல் வந்த பிரிட்டனின் குவாட் 303 போன்ற சிலவற்றில் மட்டும் ஸ்பீக்கருக்கு முன்னால் பெரிய கெப்பாசிட்டரே டிசியைத் தடுத்து நிற்கும்.

இவ்வளவும் சரியாக இருந்து சத்தம் மட்டும் சரியில்லை என்றால் மகிழ்ச்சி அடையலாம். வால்யூமைத் திருப்பும்போது கரகரப்பு, ஒரு பக்கம் வந்து வந்து போவது, டேப் மானிட்டர் பொத்தானை நாலு தடவை அழுத்தினால் உயிர் வருவது — இவை எல்லாம் தொடுமுனைகளில் படிந்த அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் ஒரு டப்பாவும் ஒரு மாலை நேரமும் போதும். மெல்லிய சத்தத்தில் ஒரு பக்கம் வராமல், வால்யூமைக் கூட்டியதும் வந்தால், ரிலேயின் முனைகள் கறுத்திருக்கின்றன. புது ரிலே சில நூறு ரூபாய். டயலின் நீல வெளிச்சம் போய்விட்டதென்று மரான்ட்ஸ் ரிசீவரைச் செத்ததாக நினைப்பவர்கள்கூட உண்டு. உள்ளே உள்ளவை சின்ன பல்புகள்தான்.

கெப்பாசிட்டர், அதாவது பழைய மெக்கானிக்குகள் சொல்லும் கண்டென்சர், கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம். மின்சார லைனிலிருந்து டயோடுகள் வழியாக வருவது நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும் துடிப்பு. அதைத் தேக்கிச் சீராகக் கொடுப்பது பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் மாடித் தொட்டி இருப்பதால் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வருவது போல. தொட்டியின் கொள்ளளவு குறைந்தால் அந்தத் துடிப்பு ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கும். வால்யூமைக் குறைத்தாலும் இரைச்சல் மாறவில்லை என்றால் பெரும்பாலும் சந்தேகம் இங்கேதான். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கேபிளையும் முன்பகுதியையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கெப்பாசிட்டரின் உள்ளே அலுமினியச் சுருள், நடுவே மின்பகு திரவத்தில் நனைத்த தாள், வாயில் ரப்பர் அடைப்பு. திரவம் மெல்ல ஆவியாகும். சூடு கூடினால் வேகமாக ஆவியாகும். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் தொழிலின் கணக்கு. 85 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் என்று மதிப்பிட்ட ஒன்று, 45 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். தினமும் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்கும் வீட்டில் அது ஏறத்தாழ 29 ஆண்டு. 1976-ல் வாங்கியது எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பயன்படுத்தாமல் வைத்தாலும் தப்பாது. உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலியும். சீரீஸ் பல்பில் மெதுவாக எழுப்ப வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம்.

அதற்காக எல்லாக் கெப்பாசிட்டரையும் ஒரே மூச்சில் கழற்றி மாற்றும் வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தக் காலத்துப் பழுப்பு நிற போர்டுகளில் சால்டரிங் அயர்னை இரண்டு முறை அழுத்தினால் செம்புத் தடம் கையோடு வந்துவிடும். நன்றாக இருந்த போர்டைப் புது கெப்பாசிட்டர் போடுகிறேன் என்று கெடுப்பது பழுது பார்ப்பது ஆகாது. முதலில் ஃபில்டர், பிறகு பவர் சப்ளையில் சூட்டுக்கு அருகில் இருக்கும் சின்னவை, பிறகு சிக்னல் பாதையில் இருப்பவை. ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, அளந்து, கேட்டுப் பார்க்க வேண்டும். ஃபிலிம் வகையைத் தொடவே வேண்டாம்.

எழுபதுகளின் பிற்பகுதிச் சான்சுயிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெரிய பாகங்கள் ஆடாமல் இருக்க அன்று தடவிய பசை, காலமும் சூடும் ஏற ஏறப் பழுப்பாகி, மின்சாரம் கடத்தவும் உலோகத்தை அரிக்கவும் தொடங்குகிறது. பொறுமையாகச் சுரண்டி எடுத்தால் பல ‘புரியாத’ கோளாறுகள் தீரும். 2எஸ்சி458, 2எஸ்ஏ726 போன்ற சிறு டிரான்சிஸ்டர்கள் வயதானால் இரைவதும் தெரிந்த கதைதான். பல சமயம் கால்கள் கறுத்திருக்கும். இவற்றுக்கு மாற்று எளிதில் கிடைக்கும்.

மெல்லிய சத்தத்தில் பாட்டு கரடுமுரடாகவும் சத்தம் கூட்டினால் தெளிவாகவும் இருந்தால், அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் பாட்டு இல்லாதபோதும் ஓடும் பயாஸ் கரண்ட் குறைந்திருக்கலாம். அது கூடினால் டிரான்சிஸ்டர் சூடாகி, சூட்டால் இன்னும் கரண்ட் இழுத்து, கடைசியில் வெடிக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் எவ்வளவு வைக்க வேண்டும் என்று அதன் சர்வீஸ் மேனுவலில் எண் இருக்கிறது. அந்த எண்ணைத் தேடிப் பார்த்து வைக்கும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கணக்கு பொய்க்கும் இடங்களுக்கு வருவோம். முதலாவது, சான்யோவின் எஸ்டிகே ஐசி வைத்த செட்டுகள். எழுபதுகளின் கடைசியிலிருந்து நடுத்தர விலை ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இரண்டு பக்கத்து அவுட்புட்டும் ஒரே கட்டியில் அடங்கியிருக்கும். உற்பத்தி நின்றுவிட்டது; சந்தையில் போலிகள் மலிந்துள்ளன. அது எரிந்திருந்தால் நான் நிறையச் செலவு செய்ய மாட்டேன். இரண்டாவது, எழுபதுகளின் நடுவில் சோனி டிஏ-8650-லும் யமஹா பி-1-லும் வந்த வி-ஃபெட் எனும் அரிய டிரான்சிஸ்டர்கள். நேரான மாற்று இன்று யாரும் செய்வதில்லை. ஓடிக்கொண்டிருந்தால் பொக்கிஷம், அவுட்புட் போயிருந்தால் அதே மாடலின் இன்னொரு செட்தான் மருந்து.

டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனால் முடிந்தது என்று வெளிநாட்டில் பலர் கைவிடுவார்கள். நம் ஊரில் அப்படி முடிவெடுக்க அவசரப்பட வேண்டாம். காயில் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய சுற்றுகளை எண்ணி, ஒயரின் தடிமனை அளந்து, 240 வோல்ட்டுக்கே கட்டித் தரத் தெரிந்தவர்கள். இந்தத் திறமை நம்மிடம் இருப்பதை நாம் மதிப்பதே இல்லை.

சாதாரண அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போயிருந்தால் பயப்பட வேண்டியது பழுதுக்கு அல்ல, போலிக்கு. நம் ஊர் ஆம்ப்ளிஃபயர் போர்டுகளில் எல்லாரும் அறிந்த ‘5200, 1943’ ஜோடி, தோஷிபாவின் 2எஸ்சி5200-ம் 2எஸ்ஏ1943-ம், உலகமெங்கும் அதிகம் போலி செய்யப்படுபவை. பெரிய உறைக்குள் சின்ன சிலிக்கான் துண்டு இருக்கும். மெல்லிய பாட்டில் தெரியாது, ஒரு நாள் சத்தமாக வைத்ததும் போய்விடும். ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், கம்பெனியின் அதிகாரபூர்வ விநியோகஸ்தரிடமிருந்து வந்த சரக்கா என்று கேட்டு வாங்குங்கள். புது டிரான்சிஸ்டர்கள் பழையவற்றைவிட வேகமானவை என்பதால் சில பழைய சுற்றுகளில் தாமாகவே அலைவெழுப்பத் தொடங்கும். ஆஸிலோஸ்கோப்பில் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது.

புதிது வாங்குவதில் தவறே இல்லை. இன்றைய கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர், இழுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும். உள்ளங்கை அளவுப் பெட்டி, வாரண்டியும் உண்டு. பழைய செட்டுக்கு மட்டும் ஏதோ மந்திர ஒலி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ப்ளூடூத் இல்லை என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். ஒரு சின்ன ரிசீவரை ஆக்ஸில் மாட்டினால் போதும். அன்றைய செட்டுகள் 150 மில்லிவோல்ட்டிலேயே முழுச் சத்தம் தருமாறு அமைந்தவை, இன்றைய கருவிகள் 2 வோல்ட் வரை தருபவை. அதனால் வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே அலறும். ஃபோனில் சத்தத்தைக் குறைத்து வைத்தால் சரியாகிவிடும். இசைத்தட்டு இருக்கும் வீட்டில் பழைய செட்டின் ஃபோனோ இன்புட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. 1978-ல் வந்த பக்கத்துக்கு 20 வாட் என்ஏடி 3020 போல, தனித்தனி உதிரிகளால் எளிமையாகக் கட்டிய செட் கையில் இருந்தால், பழுது பார்க்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

செலவில் பெரும்பங்கு பாகங்களுக்கு அல்ல, மெக்கானிக்கின் நேரத்துக்கு. அதனால் முதலில் பரிசோதனைக்கு மட்டும் கூலி பேசிக்கொள்ளுங்கள். டிசி எவ்வளவு, பயாஸ் எவ்வளவு, எந்தப் பாகம் போயிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டுச் சீட்டில் எஸ்டிகே, வி-ஃபெட் போன்றவை இல்லாமல், கேட்கும் கூலியும் அதே சக்தியுள்ள புதிய ஆம்ப்ளிஃபயரின் விலைக்குள் இருந்தால், பழுது பாருங்கள்.

மாற்றுவதென்றே முடிவானாலும் எடைக்குப் போடாதீர்கள். முகப்புத் தகடு, குமிழ்கள், டயல் கண்ணாடி, நல்ல டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றைப் பெரும்பாலான மாடல்களுக்கு இன்று யாரும் புதிதாகச் செய்வதில்லை. அதே மாடலை வைத்துக்கொண்டு ஒரு குமிழுக்காக மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பவர் யாராவது இருப்பார். செட்டை அவருக்குக் கொடுங்கள்.