சாரலுக்கு நிற்கும் பூ

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் தென்காசியில் வெயிலும் சாரலும் ஒரே மணி நேரத்துக்குள் மாறி மாறி வந்துபோகும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளக் கரையின் ஈரக்காற்று இறங்குகிறது. மலையடியில் குற்றாலத்துக்கு அது சாரல். கிழக்கே சுரண்டைப் பக்கம் போனால் அதே காற்று காற்றாலைகளைச் சுற்றுகிறது. காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரத்தடியில் ஒருமுறை நின்றவர்களுக்கு இந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். இந்தக் காற்றுக்கு நடுவில் நான் ஐந்தடி அகலத்தில் ஃபோம் பூ செய்து நிறுத்துகிறேன். மண்டப வாசலில், கோயில் கொடைப் பந்தலில், குற்றாலச் சீசன் நேரத்து விழா முகப்பில், கூரை இல்லாத இடத்தில் நிற்கிற பூ.

மாலைக்கும் தலைக்கும் சங்கரன்கோவில் பூ மார்க்கெட் மல்லிகைதான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு தாமரை வேண்டும், மூன்று நாளும் அப்படியே இருக்க வேண்டும் என்றால் அது ஃபோமில்தான் ஆகும். கடையில் ஈ.வி.ஏ. ஷீட் என்று கேட்டால் தருவார்கள். எத்திலீன் வினைல் அசிட்டேட் என்பது முழுப் பெயர். லேசான செருப்புகளின் அடிப்பாகமும் பிள்ளைகள் விளையாட விரிக்கிற வண்ணப் பாயும் இதே சரக்குதான். உள்ளே முழுக்க மூடிய நுண்ணிய காற்றறைகள். அதனால் தண்ணீர் குடிக்காது. முன்பு நெட்டியிலும் காகிதத்திலும் செய்த அலங்காரம் ஒரு தூறலுக்கே ஊறிப்போகும். ரஷ்யாவில் கட்டடங்களுக்குள் குளிர் ஏறாமல் இருக்கப் போடும் ஐசோலான் என்ற பாலிஎத்திலீன் ஃபோமில் ஆளுயரப் பூக்கள் செய்கிறார்கள். அதுவும் இதற்குப் பங்காளிச் சரக்கு.

ஏசி மண்டபத்துக்குள் நிற்கிற பூவை யாரும் செய்துவிடலாம். வெளியே நிறுத்துகிற பூவுக்கு வேறு கணக்கு.

முதலில் வளைவு. நான் தையல்காரியாக இருந்து இதற்கு வந்தவள். எல்லோரும் இதழைச் சூடு காட்டித்தான் வளைக்கிறார்கள். அயர்ன் பெட்டியில் வைத்தோ ஹீட் கன்னால் ஊதியோ, இளகியதும் கையால் குழித்துப் பிடித்தால் ஆறும்போது அந்த வடிவம் நின்றுவிடும். ஆனால் சூட்டில் வந்த வளைவைச் சூடே திரும்ப எடுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் கருஞ்சிவப்பு இதழைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் இதழ் மெல்ல மெல்லத் தன் பழைய தட்டை நிலைக்குப் போகப் பார்க்கும். அதனால் நான் இதழின் அடியில் நடுவாக மூன்று அங்குலம் கத்தரித்து, ஒரு ஓரத்தை மற்றதன் மேல் ஏற்றி ஒட்டிவிடுவேன். ரவிக்கைக்கு டாட் பிடிக்கிற மாதிரிதான். இப்படி வெட்டி ஒட்டிய குழிவு எந்த வெயிலுக்கும் தளராது. சூடு காட்டுவதை இதழ் நுனியின் சுருளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஒட்டுவதில்தான் பாதிப் பூக்கள் சாகின்றன. குளூ கன்னில் போடும் குச்சி பெரும்பாலும் இதே ஈ.வி.ஏ. குடும்பத்துப் பொருள். அறுபது எழுபது டிகிரி சூட்டில் இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் நிற்கிற பூவில் பகல் பன்னிரண்டு மணிக்கு இதழ் ஒவ்வொன்றாக நழுவுவது இதனால்தான். வெளிவேலைக்கு நான் எடுப்பது ரப்பர் பசை. மைக்கா ஷீட் ஒட்டத் தச்சர்கள் வைத்திருக்கும் ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்றது. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய கரைப்பான் குமிழாக நின்று ஒட்டை விடுவித்துவிடும்.

குற்றாலத்துக்கு என்றே இதில் ஒரு சங்கதி உண்டு. பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி மாதிரி நீர் படியும். பல நேரம் கண்ணுக்குத் தெரியாது, தொட்டால் கூடத் தெரியாது. அதன் மேல் அழுத்தினால் ஒட்டியது போல இருந்து மறுநாள் உரிந்து வரும். அதனால் சீசனுக்கான பூக்களைப் பங்குனி, சித்திரையிலேயே ஒட்டி முடித்துவிடுவேன். சாரல் தொடங்கிய பிறகு என் வீட்டில் பசை டப்பா திறப்பதில்லை, இதழ்களைப் போல்ட்டில் முடுக்கும் ஸ்பானர்தான். பசை வேலையைத் திறந்த வராந்தாவில் செய்ய வேண்டும். அதன் ஆவி தலைச்சுற்றல் தரும், எளிதில் தீப்பிடிக்கும். அடுப்படிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

இனிக் காற்று. இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிற காற்று ஐந்தடி வட்டத்தை 11 கிலோ அளவுக்குத் தள்ளும். வேகம் 72 ஆனால் 40 கிலோவைத் தாண்டும். ஒரு கிலோகூட எடை இல்லாத இதழ்கள், 40 கிலோ தள்ளு. நிறையப் பேர் இதழைத் தடிமனாக்கியும் கம்பியைக் கனமாக்கியும் இதை எதிர்த்து நிற்கப் பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் பந்தல் போடும் அண்ணாச்சி ஒருவர், நான் தொழிலுக்கு வந்த புதிதில் சொன்னது இன்றுவரை எனக்குப் பாடம்: "காத்த மறிக்காத தாயி, வழி விடு. வழி விட்டா அது பாட்டுக்குப் போயிரும்." பெரிய பேனர்களில் பிறை வடிவில் கீறல் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம். என் பூவில் இதழுக்கும் இதழுக்கும் இடையே அடியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். முன்வரிசை இதழ் பின்வரிசையின் இடைவெளியை மறைப்பதால் எதிரே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. காற்றுக்குத் தெரியும்.

ஆடி, ஆவணியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி வயல் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். நானும் போய் அந்தப் பூவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இளம் பூதான் சூரியனோடு திரும்பும். முற்றி விரிந்த பூ கிழக்கைப் பார்த்தே நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் பூவுக்குத் தேனீக்கள் அதிகம் வருவதுதான் அதற்குக் காரணம் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அது கிழக்கே பார்ப்பதில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது. சீசனில் எங்களுக்கு மேல்காற்று. கிழக்கே பார்க்கும் பூ காற்றுக்கு முதுகைக் கொடுக்கிறது. குழிந்த முகத்தில் காற்று மோதினால் வருகிற தள்ளு, குவிந்த முதுகில் மோதினால் வருவதைப் போல மூன்று மடங்குக்கு மேல். காற்று வேகம் அளக்கும் கருவியின் கிண்ணங்கள் சுழல்வதே இந்த வித்தியாசத்தால்தான். ஆகவே மேடை அமைப்பவர்கள் என்னைக் கேட்டால் முதல் வார்த்தை, பூவின் முகத்தைக் கிழக்கே வையுங்கள் என்பதுதான். வாசல் மேற்கே பார்த்து அமைந்துவிட்டால் இதழைக் குறைவாகக் குழித்து, இடைவெளியைக் கூட்டிச் செய்வேன்.

இதழின் முதுகில் நடுநரம்பாக ஒரு கம்பி போகிறது. கட்டுக்கம்பி வேண்டாம், ஒரே மழையில் துருப்பிடித்து இளஞ்சிவப்பு இதழில் செம்பழுப்புக் கோடு இறங்கிவிடும். அலுமினியக் கம்பியோ மெல்லிய ஃபைபர் குச்சியோ போதும். அது இதழின் முக்கால் நீளத்தோடு நிற்க வேண்டும், நுனி சுதந்திரமாக ஆடட்டும். பின்பலகைக்குச் சாதாரண பிளைவுட் ஈரத்தில் ஏடு ஏடாகப் பிரியும் என்பதால் பி.வி.சி. போர்டு போடுகிறேன். நைலான் டேக் கட்டுவதானால் கறுப்பு நிறம்தான். வெள்ளை டேக் சில மாத வெயிலிலேயே மொறுமொறுவென்று முறிந்துவிடும்.

தண்டையும் அடியையும் பற்றி ஒரு கணக்கு. எட்டடி உயரத்தில் பூ, 11 கிலோ தள்ளு. மூன்றடி சதுர அடிப்பீடம் என்றால் கவிழாமல் இருக்க 60 கிலோ பாரம் வேண்டும். பெயிண்ட் வாளியில் கான்கிரீட் நிரப்பித் தண்டை நட்டுவிடுவது எங்கும் வழக்கம். 20 லிட்டர் வாளியில் 45 கிலோவுக்கு மேலேயே பிடிக்கும். ஆனால் வாளியின் அகலம் ஒரு அடி. அந்த அகலத்துக்கு 170 கிலோவுக்கு மேல் பாரம் இருந்தால்தான் அதே காற்றில் நிற்கும். கனத்தைவிட அகலம் முக்கியம். இரும்பு ஆங்கிளில் நான்கு கை நீட்டி, கை நுனிகளில் மணல் மூட்டை வைத்தால் பாதிப் பாரத்தில் வேலை முடிந்துவிடும். மண்தரையானால் இன்னும் எளிது, கடப்பாரைக் கம்பியை இரண்டடி இறக்கி அதன் மேல் தண்டுக் குழாயைச் செருகிவிடலாம். காற்று 40 கிலோ தள்ளுகிற நாளில் இதெல்லாம் போதாது. பூவை இறக்கிவிட வேண்டும். கீழே பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

ஃபோம் தண்ணீர் குடிக்காது, ஆனால் குழிந்த இதழ் தண்ணீரைத் தேக்கும். அரை லிட்டர் பிடிக்கிற பன்னிரண்டு இதழ் என்றால் மழை விட்டதும் பூ தலையில் ஆறு கிலோவைச் சுமந்து நிற்கும். ஒவ்வொரு இதழின் பள்ளத்திலும் சால்டரிங் அயர்னால் பென்சில் பருமனுக்கு ஒரு துளை போடுங்கள். சூட்டில் போட்ட துளையின் விளிம்பு உருகி இறுகிவிடும், கிழியாது.

நிறம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோரும் கேட்பது ராணி கலர், முதலில் வெளுப்பதும் அதுதான். வெளிச்சுவருக்கு அடிக்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷனைத் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு கோட் அடித்தால் வெயிலைத் தாங்கும், வளைத்தாலும் வெடிக்காது. கோயில் மதிலின் காவிப்பட்டை வெயிலில் நின்று பிடிப்பது இரும்பு ஆக்சைடு நிறமி என்பதால். செங்காவி, மஞ்சள் காவி கலந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தால் பூ அதிக காலம் நிறம் மாறாமல் இருக்கும். ராணி கலர்தான் வேண்டும் என்பவர்களுக்கு மாற்று இதழையும் சேர்த்தே வெட்டி வைத்துவிடுகிறேன்.

குற்றாலத்தில் குரங்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். பூவின் நடுவில் மணிமணியாக ஒட்டிய மகரந்தத்தை அவை தின்பண்டம் என்று நினைத்துப் பிய்க்கும், பிய்த்ததை வாயில் போடும். ஃபோம் அவற்றின் வயிற்றுக்குள் போகக் கூடாது. அங்கே போகும் பூக்களுக்கு நடுவில் பிய்க்க முடியாத ஒற்றைக் குமிழ்தான் வைத்து, புள்ளிகளை வர்ணத்தில் வரைந்துவிடுவேன்.

தீயைப் பற்றி விட்டுக்கொடுக்காமல் பேசுவேன். ஃபோம் பற்றினால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணப் பந்தலில் பிடித்த தீ மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. அலங்காரத் தொழிலில் இருக்கும் எவரும் அந்த நாளை மறக்கக் கூடாது. குத்துவிளக்கும் ஓமகுண்டமும் இருக்கும் பக்கம் என் பூ போகாது. சூடேறும் ஃபோகஸ் லைட்டைப் பூவின் அருகே கட்டினால் கழற்றச் சொல்வேன். எல்.இ.டி.யாக இருந்தாலும் வயர் இணைப்பு பூவுக்குள் இருக்கக் கூடாது.

விழா முடிந்ததும் ஈரத்தோடு சாக்கில் கட்டிவிட்டால் பத்து நாளில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் ஃபேன் போட்டு உலர்த்தி, இதழ்களைக் கழற்றி அடுக்க வேண்டும். என் பூக்களில் இதழ் எல்லாம் போல்ட்டில்தான் நிற்கின்றன, பின்பலகையில் ஒட்டியிருக்காது. தகர ஷெட்டின் அடியில் வைத்தால் கோடையில் நுனிச் சுருளெல்லாம் படுத்துவிடும். ஓட்டு வீட்டுப் பரண் நல்லது, எலிக்கு மட்டும் வழி அடைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு நாள் அலங்காரம்தானே என்று கேட்கிறார்கள். அழியாத பொருளில் ஒரு நாள் பூ செய்யக் கூடாது என்பதுதான் என் பிடிவாதம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அலங்காரத் தெர்மாகோலுக்குத் தடை. ஈ.வி.ஏ. அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதுவும் மக்காது. குற்றாலத்தில் காற்று பிய்த்த ஒரு இதழ் சிற்றாற்றில் விழுந்தால் மிதந்துகொண்டே தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேர்ந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போகும். நாங்கள் குளித்துக் குடிக்கிற தண்ணீர் அது. அதனால் பூவை நான் விற்பதில்லை, வாடகைக்கு மட்டும்தான். ஒவ்வொரு பூவின் முதுகிலும் எத்தனை இதழ் என்று மார்க்கரில் எழுதியிருக்கும். பிரிக்கும்போது எண்ணித்தான் வண்டியில் ஏற்றுவோம். ஒன்று குறைந்தாலும் தேடாமல் கிளம்ப மாட்டேன்.

வெளுத்த பெரிய இதழை ஓரம் வெட்டி அடுத்த அளவுப் பூவுக்கு எடுத்துக்கொள்வேன். அதுவும் கிழிந்த பிறகு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டங்களாக வெட்டி டப்பாவில் போட்டு வைப்பேன். போல்ட்டின் இரண்டு பக்கமும் அந்த வட்டம் ஒவ்வொன்றை வைத்து முடுக்கினால், எவ்வளவு காற்றடித்தாலும் இதழ் துளையோரத்தில் கிழிவதில்லை.